விமானிகளின் பழைய கைக்கடிகாரங்கள்: டயலைப் படிக்கக் கற்றுக்கொள்வோம்

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானிய விமானப்படை பயன்படுத்திய ஒரு வகைக் கைக்கடிகாரத்தின் குறுக்களவு 55 மில்லிமீட்டர். ஒரு மெதுவடையை மணிக்கட்டில் கட்டிக்கொண்டது போல இருக்கும். டயலில் கம்பெனி பெயர் கிடையாது, தேதி கிடையாது. பன்னிரண்டு என்று எழுத வேண்டிய இடத்தில் ஒரு முக்கோணமும் அதன் இருபுறமும் ஒவ்வொரு புள்ளியும் மட்டும். வார் வேறு அநியாயத்துக்கு நீளம். வெறும் கையில் கட்டினால் தொளதொளவென்று தொங்கும்.

முதல்முறை படத்தில் பார்த்தபோது எனக்கு இது விநோதமாகத்தான் பட்டது. பிறகு படிக்கப் படிக்கப் புரிந்தது: அதில் இருக்கும் ஒவ்வொரு விநோதத்துக்கும் பின்னால், விமானத்துக்குள் யாரோ ஒருவர் பட்ட சிரமம் இருக்கிறது. அந்தச் சிரமம் என்ன என்று தெரிந்துகொண்டால், எதை வாங்கலாம், எது ஒட்டுப்போட்டது, எதை எப்படிக் கட்டிக்கொள்ளலாம் என்ற மூன்று கேள்விக்கும் பாதி விடை கிடைத்துவிடும். பழைய விமானி வாட்ச்கள் மேல் புதிதாக ஆசை வந்தவர்களுக்காக அதைத்தான் இங்கே சொல்லப் பார்க்கிறேன்.

கதை சட்டைப்பையில் தொடங்குகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்கள் வைத்திருந்தது சங்கிலி கோத்த பாக்கெட் கடிகாரம். பாரிஸில் இருந்த பிரேசில் நாட்டு விமானி அல்பெர்ட்டோ சான்டோஸ் டூமோன், இரண்டு கையும் வேலையில் இருக்கும்போது கடிகாரத்தை எடுத்துப் பார்க்க முடியவில்லை என்று நண்பர் லூயி கார்ட்டியேவிடம் சொன்னார். 1904-இல் கார்ட்டியே அவருக்காக ஒரு கைக்கடிகாரம் செய்து கொடுத்தார். 1909 ஜூலை 25 அன்று ஆங்கிலக் கால்வாயை விமானத்தில் முதன்முதலாகக் கடந்த லூயி பிளேரியோவின் கையில் ஜெனித் வாட்ச் இருந்தது. அதுவரை விமானிக்கு வேண்டியது ஒன்றுதான்: கையை எடுக்காமல் மணி பார்க்க வேண்டும். விமானங்கள் கடலைத் தாண்டத் தொடங்கியபோதுதான் விஷயம் சிக்கலானது.

மணி தெரிந்தால் இடம் தெரியும்

இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். விமானி வாட்ச்சின் உயிரே இதில்தான் இருக்கிறது.

பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுற்றுகிறது. அப்படியானால் ஒரு மணிக்கு 15 பாகை. 4 நிமிடத்துக்கு 1 பாகை. பஞ்சாங்கக் கணக்கில் சொன்னால், 24 நிமிடம் கொண்ட ஒரு நாழிகைக்கு 6 பாகை. சென்னையில் சூரியன் உச்சிக்கு வந்து ஏறத்தாழ 13 நிமிடம் கழித்துத்தான் கோயம்புத்தூரில் உச்சிக்கு வரும். இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். சென்னையின் நேரத்தைத் துல்லியமாகக் காட்டும் ஒரு கடிகாரத்தோடு நீங்கள் எங்கோ பெயர் தெரியாத ஊரில் நிற்கிறீர்கள். அங்கே சூரியன் 13 நிமிடம் பிந்தி உச்சிக்கு வருகிறது என்றால், சென்னைக்கு மேற்கே மூன்றேகால் பாகை தள்ளி நிற்கிறீர்கள் என்று அர்த்தம். கடிகாரமே உங்களுக்குத் தீர்க்கரேகையைச் சொல்லிவிட்டது.

மாலுமிகள் நெடுங்காலமாகச் செய்துவந்தது இதுதான். செக்ஸ்டன்ட் என்ற கருவியால் சூரியனோ நட்சத்திரமோ அடிவானத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அளப்பார்கள். அளந்த அந்த நொடியில் கிரீனிச் நேரம் என்ன என்று குறித்துக்கொள்வார்கள். அட்டவணையைப் பார்த்துக் கணக்குப் போடுவார்கள். விமானத்தில் வழி கணித்துச் சொல்லும் நேவிகேட்டர் செய்ததும் அதையேதான். கப்பலைவிடப் பல மடங்கு வேகத்தில், குளிரில் விறைத்த விரல்களோடு செய்ய வேண்டியிருந்தது.

இப்போது பிழையைக் கணக்கிடுவோம். நிலநடுக்கோட்டில் 4 நொடிக்கு ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிலோமீட்டர். கடிகாரம் 30 நொடி தவறினால் வரைபடத்தில் நீங்கள் ஏறத்தாழ 14 கிலோமீட்டர் தள்ளி நிற்பீர்கள். பெட்ரோல் தீரப்போகும் நேரத்தில், கடலுக்கு நடுவே ஒரு சின்னத் தீவைத் தேடும் விமானத்துக்கு 14 கிலோமீட்டர் என்பது உயிர் விஷயம்.

நிமிடம் சரியாக இருந்தால் போதாது, நொடியும் சரியாக இருக்க வேண்டும். ஆனால் அன்றைய வாட்ச்களில் நொடி முள்ளை நிறுத்தித் திருத்த வழியில்லை. அமெரிக்கக் கடற்படை அதிகாரி பிலிப் வான் ஹார்ன் வீம்ஸ் இதற்கு அழகான வழி கண்டுபிடித்தார். முள்ளை நிறுத்த முடியாவிட்டால் என்ன, முள்ளுக்குக் கீழே இருக்கும் நொடித் தட்டைத் திருப்பிவிடலாமே! வானொலியில் நேரக் குறிப்பு ஒலிக்கும்போது தட்டைத் திருப்பி, ஓடும் முள்ளுக்கு நேராகக் கொண்டுவந்துவிட வேண்டியதுதான். அவரிடம் வழிகாணும் கலையைக் கற்றவர் சார்லஸ் லிண்ட்பெர்க், 1927-இல் நியூயார்க்கிலிருந்து பாரிஸுக்குத் தனியாக, எங்கும் இறங்காமல், முப்பத்து மூன்றரை மணி நேரம் பறந்தவர். லிண்ட்பெர்க் அந்த யோசனையை இன்னும் ஒரு படி கொண்டுபோய், மணி நேரத்தை நேராகப் பாகையாகப் படிக்கும்படி டயலிலும் சுற்று வளையத்திலும் அளவுகள் போட்டு ஒரு வாட்ச் வரைந்தார். லாஞ்சின்ஸ் கம்பெனி 1931-இல் அதைச் செய்தது. ஒரு மணி நேரத்துக்கு 15 பாகை என்ற கணக்கு அதன் முகத்திலேயே எழுதியிருக்கிறது.

நம் வீடுகளில் ரேடியோச் செய்தி தொடங்கும்போது வாட்ச்சைச் சரிசெய்துகொண்ட தாத்தாக்களை நினைவிருக்கிறதா? அந்த நேவிகேட்டர்கள் செய்ததும் அதே வேலைதான்.

சிரமமும் தீர்வும்

சரி, முதலில் பார்த்த ஜெர்மானிய வாட்ச்சுக்கு வருவோம். ஆங்கிலத்திலும் சேகரிப்பாளர்கள் அதை ‘பி-ஊர்’ என்றுதான் சொல்வார்கள். பெயோபாக்டுங்ஸ்ஊர், அதாவது நோக்குநர் (நேவிகேட்டர்) கடிகாரம் என்பதன் சுருக்கம். ஆ. லாங்கெ, வெம்பெ, லாக்கோ, ஸ்டோவா ஆகிய நான்கு ஜெர்மன் நிறுவனங்களும் சுவிட்சர்லாந்தின் ஐடபிள்யூசியும் ஒரே வரையறைப்படி செய்தன. 55 மில்லிமீட்டர் எதற்கு? மங்கிய வெளிச்சத்தில் ஒரே பார்வையில் நொடி தெரிய வேண்டும். உள்ளே பாக்கெட் கடிகார அளவில் துல்லியமான மெஷின் வைக்கவும் இடம் வேண்டும். வார் ஏன் அவ்வளவு நீளம்? தடித்த பறக்கும் கோட்டின் கைக்கு மேல் சுற்றிக் கட்ட. சாவி வெங்காயம் போலப் பெரிதாக இருப்பது கையுறை போட்ட விரலுக்காக. இருட்டில் எது மேல்பக்கம் என்று ஒரு கணம்கூடக் குழப்பம் வரக் கூடாது என்பதற்காகத்தான் அந்த முக்கோணம். சாவியை வெளியே இழுத்தால் நொடி முள் நின்றுவிடும். நேரக் குறிப்பு வந்ததும் உள்ளே தள்ளினால் ஓடத் தொடங்கும்.

1941-இல் டயலை மாற்றினார்கள். வெளிவளையத்தில் 5, 10, 15 என்று நிமிடங்கள் பெரிதாக வந்தன. மணி எண்கள் உள்ளே ஒரு சின்ன வளையத்துக்குள் போய்விட்டன. சேகரிப்பாளர்கள் முந்தையதை ஏ வகை, பிந்தையதை பி வகை என்பார்கள். எனக்கு இந்த மாற்றம் மிகவும் பிடிக்கும். நேவிகேட்டருக்கு இப்போது எத்தனை மணி என்பது தெரியும். அவருக்கு வேண்டியது நிமிடமும் நொடியும். எது முக்கியமோ அதைப் பெரிதாக்கி, மற்றதை ஒதுக்கிவிட்டார்கள்.

அடுத்த சிரமம் காந்தம். விமானத்துக்குள் மின்கருவிகள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும். வாட்ச்சின் உள்ளே இருக்கும் மயிரிழை ஸ்பிரிங்கில் காந்தம் ஏறினால் நேரம் தாறுமாறாக ஓடும். பிரிட்டிஷ் விமானப்படைக்காக 1940களின் கடைசியில் வந்த மார்க் 11 இதற்கு விடை. மெஷினைச் சுற்றி மென்னிரும்பால் ஒரு கூடு. டயலுக்கு அடியிலும் இரும்பு. காந்தப் புலம் அந்தக் கூட்டின் வழியாகச் சுற்றிப் போய்விடும், மெஷினைத் தொடாது. ஐடபிள்யூசி, ஜெகர் லெகூல்த்ர என்று இரண்டு நிறுவனங்கள் செய்தன. 36 மில்லிமீட்டர்தான், எந்தக் கைக்கும் பொருந்தும். டயலிலும் பின்மூடியிலும் அம்புக்குறி ஒன்று இருக்கும். பிரிட்டிஷ் அரசின் சொத்து என்பதற்கான அடையாளம் அது. முழு வகையிலும் எனக்கு மிகப் பிடித்தது இதுதான், தயங்காமல் சொல்வேன்.

பிரான்ஸின் டைப் 20 வேறொரு சிரமத்தைத் தீர்த்தது. மேகத்துக்குள் பறக்கும் விமானி இந்தத் திசையில் இத்தனை நிமிடம், அப்புறம் திரும்பி அந்தத் திசையில் இத்தனை நிமிடம் என்று கணக்கு வைத்துப் பறப்பார். சாதாரண ஸ்டாப் வாட்ச்சில் ஒவ்வொரு திருப்பத்திலும் நிறுத்து, பூஜ்யத்துக்குக் கொண்டுவா, மறுபடி ஓட்டு என்று மூன்று அழுத்தம். டைப் 20-இல் ஒரே அழுத்தத்தில் முள் பூஜ்யத்துக்குப் பறந்து வந்து, விரலை எடுத்ததும் ஓடத் தொடங்கிவிடும். இதற்கு ஃப்ளைபேக் என்று பெயர். 1950களில் பிரெகே, டோடான், ஓரிகோஸ்ட் போன்ற நிறுவனங்கள் இவற்றைச் செய்தன.

1952-இல் உருவான பிரைட்லிங் நாவிடைமர் கையிலேயே ஒரு ஸ்லைடு ரூலை, அதாவது அளவுகளை நகர்த்திக் கணக்குப் போடும் கருவியை, கொண்டுவந்தது. டயல் முழுக்க எறும்பு ஊர்ந்தது போல எண்களாக இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஒரு மணிக்கு 24 காலன் பெட்ரோல் குடிக்கும் விமானம் 40 நிமிடத்தில் எவ்வளவு குடிக்கும்? வெளிவளையத்தின் 24-ஐ உள்வளையத்தின் 60-க்கு நேராகத் திருப்புங்கள். உள்வளையத்தின் 40-க்கு நேர் மேலே பாருங்கள்: 16. அவ்வளவுதான். ஒருமுறை இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தவருக்கு அந்த டயல் அப்புறம் நெரிசலாகத் தெரியாது.

ஜெட் விமானங்கள் வந்து ஒரே நாளில் பல நாடுகளின் நேரத்தைக் கடக்கத் தொடங்கியபோது, பான் அமெரிக்கன் விமான நிறுவனத்துக்காக ரோலெக்ஸ் ஜிஎம்டி மாஸ்டர் வந்தது. 24 மணி நேரத்துக்கு ஒருமுறை சுற்றும் கூடுதல் முள். பகலுக்குச் சிவப்பு, இரவுக்கு நீலம் என்று பாதி பாதியாக ஒரு வளையம். சோவியத் பக்கம் ஷ்டுர்மான்ஸ்கியே. அந்தப் பெயரே நேவிகேட்டருடையது என்று பொருள்படும். 1961 ஏப்ரல் 12 அன்று யூரி ககாரின் விண்வெளிக்குக் கட்டிப்போனது அதைத்தான்.

ரேடியம் என்ற சொல்

நம்மூரில் இருட்டில் மின்னும் எதற்கும் ரேடியம் என்றுதான் பெயர். பைக்கில் ஒட்டும் ஸ்டிக்கர் கடைக்குக்கூட ரேடியம் கடை என்கிறோம். அந்த ஸ்டிக்கரில் ரேடியம் துளியும் இல்லை. ஆனால் 1960களுக்கு முந்தைய வாட்ச் டயல்களில் இருந்தது உண்மையான ரேடியம். துத்தநாக சல்ஃபைடோடு கலந்து எண்களின் மேல் பூசினார்கள். கதிர்வீச்சு பட்டு அந்தப் பூச்சு இரவு முழுக்க ஒளிர்ந்தது. அமெரிக்காவில் நியூ ஜெர்சியிலும் வேறு இடங்களிலும் டயல் பூசும் வேலைக்குச் சேர்ந்த இளம்பெண்களை, தூரிகை முனையை உதட்டில் வைத்துக் கூராக்கச் சொன்னார்கள். தாடை எலும்பு அரித்து, ரத்தம் கெட்டு அவர்களில் பலர் இறந்தார்கள். உயிரோடு இருந்த சிலர் 1920களில் வழக்குப் போட்டார்கள். தொழிலாளர் பாதுகாப்புச் சட்டங்களின் வரலாற்றில் அந்த வழக்குக்குப் பெரிய இடம் உண்டு. பழைய ரேடியம் டயலைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பெண்களின் நினைவு வராமல் இருப்பதில்லை.

இதில் வாங்குபவருக்கும் ஒரு செய்தி இருக்கிறது. ரேடியத்தின் அரை ஆயுள், அதாவது வீரியம் பாதியாகக் குறைய ஆகும் காலம், ஏறத்தாழ 1600 ஆண்டு. டயல் இப்போது ஒளிராது, ஏனென்றால் துத்தநாக சல்ஃபைடு எரிந்து தீர்ந்துவிட்டது. கதிர்வீச்சு மட்டும் அப்படியே இருக்கிறது. ரேடியத்துக்குப் பதிலாகப் பின்னால் வந்த டிரிட்டியம் என்ற கதிரியக்கப் பொருள் வேறு மாதிரி. அதன் அரை ஆயுள் 12 ஆண்டு சொச்சம். பழைய பூச்சில் வீரியம் பெரும்பாலும் தீர்ந்திருக்கும். டயலின் அடியில் ஸ்விஸ் என்ற சொல்லின் இருபுறமும் ‘டி’ எழுத்து இருந்தால் அது டிரிட்டியம். மார்க் 11-இல் வட்டத்துக்குள் ‘டி’ போட்டிருக்கும்.

ரேடியம் வாட்ச் வைத்துக்கொள்ளலாமா என்றால், கவனத்தோடு வைத்துக்கொள்ளலாம். நீங்களே பின்மூடியைத் திறக்காதீர்கள், கண்ணாடியைக் கழற்றாதீர்கள். உதிரும் தூள் மூச்சிலும் வாயிலும் போவதுதான் பெரிய ஆபத்து. ரேடியத்திலிருந்து ரேடான் வாயுவும் வரும் என்பதால் காற்றோட்டம் உள்ள இடத்தில் வையுங்கள், படுக்கை அருகே வேண்டாம். குழந்தைகள் கையில் கொடுக்கவே வேண்டாம். தினமும் கட்டிக்கொள்ள வேறு வாட்ச் இருக்கட்டும்.

வாங்கும்போது கண் எங்கே போக வேண்டும்

நான் இந்த ஆசையில் முதலில் வாங்கிய வாட்ச், டயல் புத்தம் புதிது போலப் பளிச்சென்று இருந்தது. சந்தோஷமாக ஒரு வயதான ரிப்பேர்காரரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணில் லென்ஸை மாட்டி ஒரு பத்து நொடி பார்த்தார். “டயலைப் பூசிட்டாங்க தம்பி. நாலுல பாரு, கோடு பிசிறுது” என்றார். பிறகு என்னிடமே லென்ஸைக் கொடுத்தார். உண்மைதான். அச்சடித்த எழுத்தின் விளிம்பு கத்தரித்தது போல இருக்கும். கையால் பூசியதில் மை கசிந்திருக்கும், நிமிடக் கோடுகள் ஒரே நீளத்தில் இருக்காது. அன்று கற்றதை இன்றுவரை மறக்கவில்லை: பழைய வாட்ச்சில் விலை பெரும்பாலும் டயலுக்குத்தான். மங்கிய, லேசாகப் புள்ளி விழுந்த அசல் டயல், பளபளக்கும் பூசிய டயலைவிட எவ்வளவோ மேல்.

முட்களையும் பாருங்கள். டயலில் உள்ள பூச்சும் முட்களில் உள்ள பூச்சும் ஒரே மாதிரி பழுப்பேறியிருக்க வேண்டும். ஒன்று காவி, ஒன்று வெள்ளை என்றால் ஏதோ ஒன்று பின்னால் வந்தது. நிமிட முள் நிமிடக் கோட்டைத் தொடும் அளவுக்கு நீளமாக இருக்க வேண்டும். நொடி பார்த்துக் கணக்குப் போட வேண்டிய கருவியில் குட்டை முள் இருக்கக் காரணமே இல்லை. ரூபாய் நோட்டைச் சோதிக்கும் ஊதா விளக்கை டயலில் அடித்துவிட்டு அணையுங்கள். 1940களின் வாட்ச் அதற்கப்புறமும் நெடுநேரம் பச்சையாக ஒளிர்ந்தால், பூச்சு புதியது. பி-ஊர் என்று சொல்லி விற்றால் கேஸின் (வாட்ச்சின் உலோக உடலின்) பக்கவாட்டில் எஃப்எல் 23883 என்ற பொறிப்பு இருக்கிறதா பாருங்கள். பாலிஷ் போட்டுப் போட்டுப் பொறிப்புகள் தேய்ந்து, விளிம்புகள் சோப்புக்கட்டி போல மழுங்கியிருந்தால் எனக்கு ஆர்வம் போய்விடும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. ராணுவம் தன் வாட்ச்களைத் தானே பழுது பார்த்தது. மார்க் 11-களில் பலவற்றின் ரேடியம் டயலை எடுத்துவிட்டு டிரிட்டியம் டயல் மாட்டியது விமானப்படையேதான். அதைக் குறை என்று சொல்ல மாட்டேன், அது அந்த வாட்ச்சின் பணிக்காலத்தில் நடந்தது.

இவ்வளவு செலவு செய்ய முடியாதவர்கள் எங்கே தொடங்கலாம்? போர்க்கால அமெரிக்க ஏ-11 வாட்ச்களை எல்ஜின், வால்தம், புலோவா மூன்றும் நிறையவே செய்தன. மார்க் 11 விலையை நினைத்தால் அவை கைக்கு எட்டும். அதற்கும் முன்பாக நம் பக்கத்திலேயே ஒன்று இருக்கிறது: ஹெச்எம்டி பைலட். ஜப்பானின் சிட்டிசன் தொழில்நுட்ப உதவியோடு 1961-இல் பெங்களூரில் வாட்ச் செய்யத் தொடங்கிய அரசு நிறுவனம் ஹெச்எம்டி. கறுப்பு டயல், பெரிய வெள்ளை எண்கள், 17 கல், தினமும் சாவி கொடுக்க வேண்டிய மெஷின். பெயரும் முகமும் விமானி வாட்ச்சின் வழியில் வந்தவை. ராணுவத்துக்கு வழங்கியது என்று விற்பவர் சொன்னால் மட்டும் ஆதாரம் கேளுங்கள். ஆரஞ்சு, கிளிப்பச்சை என்று கண்ணைப் பறிக்கும் நிறங்களில் கிடைப்பவை பெரும்பாலும் பின்னாளில் பூசியவை. அசல் கறுப்பு டயல் ஒன்றையும் பூசியது ஒன்றையும் பக்கத்தில் வைத்து லென்ஸில் பாருங்கள். குறைந்த செலவில் இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

கட்டிக்கொள்வது

இந்த வாட்ச்களுக்குத் தண்ணீர் ஆகாது. நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்வையும் தண்ணீர்தான். தோல் வார் இரண்டு கோடையில் நாற்றம் எடுத்துவிடும்; வெயில் காலத்தில் நான் நைலான் வாருக்கு மாறிவிடுவேன். மார்க் 11 போன்றவற்றில் வார் கோக்கும் கம்பி கேஸோடு அசையாமல் பொருத்தியிருப்பதால், அடியில் நுழைத்து எடுக்கும் ஒற்றை நைலான் வார்தான் அவற்றுக்கு இயல்பாகப் பொருந்தும். சாவியைக் காலையில், வாட்ச்சைக் கையிலிருந்து கழற்றிவிட்டுக் கொடுங்கள். இறுக்கம் தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள்.

மார்க் 11-இன் இரும்புக் கூடு எல்லா வாட்ச்சிலும் இல்லை. ஸ்பீக்கர், காந்தம் வைத்த மொபைல் கவர், லேப்டாப் மூடி இவற்றின் பக்கத்தில் வைத்துவிட்டு, திடீரென்று நாளுக்குப் பத்து நிமிடம் வேகமாக ஓடுகிறது என்றால் மெஷின் கெட்டுவிட்டது என்று பயப்படாதீர்கள். காந்தம் ஏறியிருக்கும். ரிப்பேர் கடையில் காந்தம் எடுக்கும் கருவியில் சில நொடியில் சரிசெய்துவிடுவார்கள்.

சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கழற்றிக் கழுவி ஆயில் போட வேண்டும். கொடுக்கும்போதே மூன்று விஷயத்தைச் சொல்லிவிடுங்கள்: டயலைத் தொட வேண்டாம், முட்களுக்குப் புதுப் பூச்சு வேண்டாம், கேஸுக்குப் பாலிஷ் வேண்டாம். ரேடியம் டயல் என்றால் அதையும் முன்கூட்டியே சொல்லுங்கள், திறப்பவருடைய உடல்நலம் அது. வேறு ஏதாவது பாகத்தை மாற்ற வேண்டி வந்தால், கழற்றிய பழைய சாவியோ கண்ணாடியோ எதுவானாலும் கேட்டு வாங்கி, ஒரு சின்னக் கவரில் தேதி எழுதிப் போட்டு வாட்ச்சோடு வைத்துவிடுங்கள். ஒருநாள் அது வேறொருவர் கைக்குப் போகும்போது அந்தக் கவரும் சேர்ந்து போகட்டும்.